பனிக்காலத்திலும் பிள்ளைகளோடு தினமும் வெளியே போங்கள்

கேள்வி: வடக்கே கடுங்குளிர் நாடொன்றில் வாழ்கிறோம். இங்கே எங்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். மகனுக்கு நான்கு வயது, மகளுக்குப் பத்து மாதம். கணவர் இருட்டில் வேலைக்குப் புறப்பட்டு, இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார். பிள்ளைகள் இருவரையும் கிளப்புவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது. எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு பெரியவன் ஒன்றுக்கு வருகிறது என்பான், சின்னவள் வீறிட்டு அழுவாள். அதனால் வெளியே போவதையே விட்டுவிட்டேன். பனியில் தூக்கிக்கொண்டு போனால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று அம்மாவும் தொலைபேசியில் எச்சரிக்கிறார். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்தும் இருவருக்கும் இருமல் விட்டபாடில்லை. பெரியவன் நாள் முழுக்க டி.வி. கேட்டு அடம் பிடிக்கிறான். சின்ன விஷயத்துக்கெல்லாம் அவனைத் திட்டுகிறேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுகிறேன். வசந்தம் வரும்வரை இருவரையும் என் அம்மாவிடம் அனுப்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குளிரைப் பற்றியும் இருமலைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டு, நீங்கள் அழுவதை மட்டும் ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். குழந்தைநல மருத்துவரான எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் அம்மாவின் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது தீர்ந்தால்தான் நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் நடக்கும்.

சளிக்குக் காரணம் வைரஸ். பனி அல்ல. குளிர்ந்த காற்று மூக்கின் எதிர்ப்புச் சக்தியைச் சற்றுக் குறைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வைரஸ் உள்ளே வராமல் சளி பிடிக்காது, அது வருவது இன்னொரு மனிதரிடமிருந்து. ஜன்னல்களை எல்லாம் சாத்திய அறையில் பலர் ஒரே காற்றைச் சுவாசித்தபடி இருப்பதும், ஹீட்டர் அந்தக் காற்றை உலர்த்திவிடுவதும்தான் குளிர்காலத்தில் அதற்கு வழி விடுகின்றன. பள்ளி வயதுக்கு முன் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அதில் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஆக, ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். பார்ப்பவருக்கு ஒரே இருமல் மாதக்கணக்கில் நீள்வதாகத் தோன்றும். பிள்ளைகள் ஓடியாடி, பால் குடித்து, சிரித்துக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்கு அடியில் தோல் உள்வாங்கினாலோ, சின்னவள் பால் குடிக்க மறுத்தாலோ, டயப்பர் வழக்கத்தைவிட மிகக் குறைவாக நனைந்தாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். உதடு நீலம் பாய்ந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அம்மா சொல்வது அன்பினால். ஆனால் அவர் கடுங்குளிர் நாட்டில் பிள்ளை வளர்த்தவர் இல்லை. நார்வே, சுவீடன், பின்லாந்து போன்ற நார்டிக் நாடுகளின் மழலையர் நிலையங்களில் கடுங்குளிரிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுகிறார்கள். கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் போர்த்தி வெளியிலேயே தூங்க வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: தினமும் ஒரு முறை, நடுப்பகல் வெளிச்சத்தில், இருவரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் வாருங்கள். பதினைந்து நிமிடம் போதும். இந்தக் குளிர்காலத்தில் வேறு எதைச் செய்ய முடியாமல் போனாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

எவ்வளவு குளிர் வரை போகலாம்? வானிலை அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படாதீர்கள். காற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட எண் ஒன்றும் அதில் இருக்கும். உடம்பு உணரும் குளிர் அதுதான். -20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் அது -33 டிகிரிக்குச் சமம். இந்த எண் -28க்குக் கீழே இறங்கினால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும். எனவே -27 என்பதை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போன நாட்களில் வீட்டிலேயே இருங்கள். கைக்குழந்தை கையில் இருப்பதால், -15க்குக் கீழே இறங்கினாலே நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரியவன் ஓடுகிறான், அவன் உடம்பு தானே சூடாகிக்கொள்ளும். தள்ளுவண்டியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சின்னவளுக்கு அந்த வசதி இல்லை. திரும்பும் நேரத்தை அவளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி அந்த முக்கால் மணி நேரப் போராட்டம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பனிப்பிரதேசத் தாய்மார்கள் வீட்டுக்குள் முடங்கிப்போவதற்குப் பெரும்பாலும் குளிர் காரணமல்ல, இந்த உடுத்தும் வேலைதான் காரணம். இதில் வரிசை முக்கியம். முதலில் பெரியவனைக் கழிப்பறைக்கு அனுப்புங்கள். வருகிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். கேட்காமல் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். அதே நேரத்தில் சின்னவளுக்கு டயப்பர் மாற்றிவிடுங்கள். அடுத்து, நீங்கள் முழுவதும் உடுத்தி முடியுங்கள், மேல்கோட்டின் பொத்தானை மட்டும் போடாமல். பிறகு பெரியவன். கடைசியில்தான் சின்னவள். பெரும்பாலான தாய்மார்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கைக்குழந்தையை முதலில் மூட்டை கட்டிவிட்டுப் பெரியவனைத் துரத்துகிறார்கள். அதற்குள் அவள் கம்பளிக்குள் வியர்த்துப்போய் வீறிட்டு அழுகிறாள். அது பிடிவாதம் அல்ல, புழுக்கம்.

பெரியவனுக்கு எல்லாவற்றையும் நீங்களே மாட்டிவிடாதீர்கள். வாசலருகே தரையில் அவனுடைய பனி உடுப்பை மல்லாத்தி விரித்து, முன்பக்க ஜிப்பை முழுவதும் திறந்து வையுங்கள். அவன் அதன் மேல் உட்கார்ந்து காலை நுழைத்து, பிறகு எழுந்து நின்று கையை நுழைக்கட்டும். அடுத்து பூட்ஸ், அடுத்து குல்லாய். கையுறை கடைசியில்தான், ஏனென்றால் அதை மாட்டிய பிறகு அவனால் எதையும் பிடிக்க முடியாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த வரிசை சில நாட்களிலேயே பழகிவிடும். முதல் வாரம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். தானே உடுத்திக்கொண்ட பெருமையோடு வெளியே வரும் பிள்ளை அடம் பிடிப்பது குறைவு.

உடலோடு ஒட்டும் உடை பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும், ஈரத்துணி உடம்பின் சூட்டை வேகமாக இழுத்துவிடும். மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ போதும். அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாத பனி உடுப்பு. நீங்கள் அணிவதைவிடச் சின்னவளுக்கு ஓர் அடுக்கு கூடுதல். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாகச் சேரும் கையுறை சூட்டைக் காக்கும். பூட்ஸுக்குள் இரண்டு காலுறை திணித்து இறுக்காதீர்கள். இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். நீளமான மஃப்ளர் வேண்டாம், அது எங்காவது சிக்கிக் கழுத்தை நெரிக்கும். தலைவழியாக மாட்டும் கழுத்துறை நல்லது. கையுறைக்கும் உடுப்பின் கைக்கும் நடுவே மணிக்கட்டில் ஒரு விரல் அகலம் தோல் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? பனிக்கட்டி நுழைந்து உருகிக் கன்றிச் சிவப்பது அந்த இடம்தான். கையுறையின் விளிம்பை உடுப்பின் கைக்கு உள்ளே செருகிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பது பயன் தராது, அது எப்போதும் சற்றுச் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில், உடைக்கு உள்ளே, இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். கதகதப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். சில்லென்றிருந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். மூக்கு நுனி, காது, கன்னம், விரல் இவற்றில் எங்காவது தோல் வெளுத்தோ சாம்பல் பூத்தோ மரத்துப்போனால் அது பனி தாக்கியதன் அடையாளம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. விரல்களை 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் வைத்திருங்கள். கன்னத்திலும் காதிலும் உங்கள் கையை வைத்தே சூடேற்றலாம். ஹீட்டருக்கு முன்னால் காட்டாதீர்கள். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, புண்ணாகிவிடும். நிறம் திரும்பவில்லை என்றாலோ கொப்புளம் எழுந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரியவனிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: குளிரில் கிடக்கும் இரும்புக் கம்பியில் நாக்கை வைக்கக் கூடாது. வைத்து ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் தானே விட்டுவிடும்.

காரில் போவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். பஞ்சு திணித்த தடித்த கோட்டோடு குழந்தையைக் கார் இருக்கையில் வைத்துப் பட்டையைப் போடக் கூடாது. கோட்டோடு இறுக்கிப் போட்டுவிட்டு, பட்டையின் நீளத்தை மாற்றாமல், கோட்டைக் கழற்றி மறுபடியும் போட்டுப் பாருங்கள். எத்தனை தளர்வு என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். மோதலில் அந்தப் பஞ்சு நொடியில் அமுங்கிவிடும், குழந்தை அந்தத் தளர்வு வழியாக வெளியே வீசப்படலாம். மெல்லிய உடையோடு உட்கார வைத்து, பட்டை போட்ட பிறகு மேலே கோட்டையோ போர்வையையோ போர்த்துங்கள். அடுத்தது இன்னும் அவசரமானது. காரைச் சுற்றிய பனியை நீங்கள் வாரும்போது, குளிராமல் இருக்கட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுப் பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்காதீர்கள். புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு காருக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இப்படிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். வீட்டிலும் எரிவாயு, எண்ணெய், விறகு எதில் சூடேற்றினாலும் படுக்கையறைக்குப் பக்கத்தில் அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம், ஆனால் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்றால் முதலில் எல்லோரும் வெளியேறுங்கள். காரணத்தைப் பிறகு பார்க்கலாம்.

வீட்டுக்குள் நம்மவர்கள் செய்யும் தவறு, அளவுக்கு மீறிச் சூடேற்றுவது. குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி போதும். அது நமக்குக் குளிராகத் தோன்றும். ஆனால் கைக்குழந்தை அதிகச் சூட்டில் தூங்குவது, தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் அபாயத்தைக் கூட்டுகிறது. ஒரு வயது முடியும்வரை தளர்ந்த போர்வை வேண்டாம். கையில்லாத தூக்கப் பையை அணிவித்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். உறங்கும்போது தலையில் குல்லாய் கூடாது. அறையின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் மூக்கும் தோலும் உலராது. ஈரமூட்டும் கருவி வாங்கினால் குளிர்ந்த ஆவி வரும் வகையை வாங்குங்கள், தினமும் நீரை மாற்றுங்கள். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். குளியல் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். துடைத்ததும், ஈரம் முழுவதும் காய்வதற்குள், மணமில்லாத களிம்பைத் தடவிவிடுங்கள்.

வெளியே போவதால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் 42 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கேயே நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை என்று 1988இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்னும் வடக்கே, 53.5 டிகிரியில் உள்ள கனடாவின் எட்மன்டனில், அக்டோபர் முதல் மார்ச் வரை. அதுவும் நம்மைப் போன்ற கருநிறத் தோலுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் வெயில் தேவை. தாய்ப்பாலில் இந்த வைட்டமின் மிகக் குறைவு. தாய்ப்பால் குடிக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாள்தோறும் 400 அலகு, அதாவது 10 மைக்ரோகிராம், சொட்டு மருந்தாகக் கொடுக்க வேண்டும். பெரியவனுக்கும் உங்களுக்கும் எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

டி.வி. விஷயத்தில் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, பெரியவனின் வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அதே அறிக்கை, மூன்று நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அவன் அடத்துக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. தலையணைகளைத் தரையில் பரப்பிக் குதிக்க விடுங்கள். வெளியிலிருந்து ஒரு வாளிப் பனியை அள்ளி வந்து குளியல் தொட்டியில் கொட்டி, கரண்டியும் கிண்ணமும் கொடுங்கள். டி.வி.யை அவன் கேட்கும்போதெல்லாம் போடாமல், உங்களுக்குத் தேவையான நேரத்தில் போடுங்கள்: சின்னவளைத் தூங்க வைக்கும் அரை மணி, சமைக்கும் அரை மணி. தினமும் அதே நேரம் என்றால் கேட்டு அழுவது குறையும்.

இப்போது உங்களைப் பற்றி. பிள்ளைகளைத் திட்டிவிட்டு அழுவதால் நீங்கள் மோசமான தாய் ஆகிவிடவில்லை. பகல் வெளிச்சம் குறையும் மாதங்களில் மட்டும் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வை, 1984இல் அமெரிக்காவில் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் தனி நோயாக விவரித்தார்கள். அதிகத் தூக்கம், அதிகப் பசி, எதிலும் நாட்டமின்மை, எரிச்சல் என்று அது வரும். நீங்கள் பிரசவமாகிப் பத்து மாதமே ஆனவர் என்பதால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வையும் மருத்துவர் யோசிக்க வேண்டும். அது முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். இரண்டும் சேர்ந்தும் வரும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

நடுப்பகலில் வெளியே போகச் சொன்னதற்கு இதுவும் காரணம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். வீட்டு விளக்கு தருவது சில நூறு லக்ஸ். மேகம் மூடிய நாளிலும் உச்சி வேளையில் வெளியே பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேல் இருக்கும், தரையில் பனி கிடந்தால் அது இன்னும் கூடும். அது போதாதவர்களுக்குக் காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்காரும் சிகிச்சையை மருத்துவர்கள் தருகிறார்கள். நீங்களாக விளக்கு வாங்கிவிடாதீர்கள். கண்நோய் உள்ளவர்களுக்கும், மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் நோய் உள்ளவர்களுக்கும் அது ஒத்துவராமல் போகலாம்.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் கழிகின்றன என்றால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது, பத்தே கேள்விகள். அது தமிழிலும் கிடைக்கிறது, தமிழிலேயே கேளுங்கள். மனம் படும் பாட்டை அரைகுறையாகத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே, எந்த நேரமானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். கணவரை எழுப்பிச் சொல்லுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளை அம்மாவிடம் அனுப்பலாமா என்ற கேள்வி. வேண்டாம். தாயைத் தேடி அழும் பருவம் பத்து மாதத்தை ஒட்டித்தான் வலுக்கும். பால் குடிக்கும் குழந்தையை மாதக்கணக்கில் பிரித்தால் இருவருக்கும் வேதனை, பாலும் வற்றிவிடும். பெரியவனோ, தான் செய்த குறும்புக்காகத்தான் அம்மா அனுப்பிவிட்டாள் என்றே நினைப்பான். அவர்கள் போன பிறகு அந்த இருட்டு வீட்டில் தனியாக இருக்கப்போவதும் நீங்கள்தான்.

உங்கள் அம்மாவால் முடியுமானால், குளிர் மிகக் கடுமையாக இருக்கும் மாதங்களில் அவரை உங்களிடம் வரச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், உங்கள் கணவரின் விடுமுறை நாட்களில் பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் இருவரும் முழுக்க முழுக்க அவர் பொறுப்பு. உடுத்துவதிலிருந்து அவரே செய்யட்டும், நீங்கள் வாசல்வரைகூட வர வேண்டாம். தூங்குங்கள், அல்லது தனியாக ஒரு நடை போய் வாருங்கள். அவர் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இருட்டில் போய் இருட்டில் வருபவருக்கு இங்கே பகலில் நடப்பது தெரிந்திருக்காது. எடுத்துச் சொல்லத் தயக்கமாக இருந்தால் நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தையே அவரிடம் படிக்கக் கொடுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் உடன் அழைத்துப் போங்கள்.